முக்கால் இஞ்சும் ஒரு பூனைக்குட்டியும்

வாங்க மதினி, உள்ள வாங்க. செருப்பை வாசல்ல விடாதீங்க, எடுத்துட்டு வந்து அந்த மேஜை மேல வைங்க. ஆமா, மேஜை மேலதான். சிரிக்காதீங்க. கீழ கிடந்தா பூனை வாரைக் கடிச்சிரும். போன வாரம் அஞ்சாறு பேரு வெறுங்காலோட வீட்டுக்குப் போனாவ.

உங்க ப்ளவுஸ் முடிஞ்சிட்டு. கொக்கி மட்டும்தான் பாக்கி. ஆறு கொக்கி, பேசிக்கிட்டே வச்சிருவேன். முளைப்பாரி நாலு மணிக்குத்தானே எடுக்காவ? இப்போ மணி ஒண்ணுதான். உக்காருங்க. காலை மட்டும் மெஷின் பக்கம் நீட்டாதீங்க. அடியில அட்டைப் பொட்டிக்குள்ள படுத்திருக்கு பாருங்க, அதான் அந்தச் சவம். தூங்குற மாதிரி கிடக்கும். உங்க பெருவிரல் லேசா அசைஞ்சா போதும், பாய்ஞ்சிரும்.

நீங்க தெருவுக்கு வந்து ரெண்டு மாசம் இருக்குமா? கரண்டு ஆபீஸ்காரர் வீட்டு மதினின்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். என்னைப் பத்தி யார்கிட்டயாவது விசாரிச்சிருப்பீங்க. டைலர் ஆவுடைன்னு கேட்டா இங்க சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். பத்தொன்பது வருஷமாத் தைக்கேன். நான் தைச்சது பிடிக்குது, இறுக்குதுன்னு ஒரு ப்ளவுஸ் இந்த வாசப்படி ஏறித் திரும்பி வந்ததில்ல. ஒண்ணே ஒண்ணைத் தவிர. அந்த ஒண்ணைச் சொன்னாத்தான் இந்தப் பூனை இங்க எப்படி வந்துதுன்னு உங்களுக்குப் புரியும்.

எதுத்தாப்புல பச்சைக் கேட்டு போட்ட வீடு தெரியுதுல்லா? கனகமணி டீச்சர் வீடு. உங்களுக்கும் பழக்கம்தானே, உங்களைக் கும்மியில சேத்துவிட்டதே அவதான்னு கேள்விப்பட்டேன். போன வருஷம் ரிட்டயர்டு ஆனா. ஸ்கூல்ல விழா. அதுக்கு ஒரு நீலப் பட்டுத்துணி கொண்டாந்து குடுத்தா, கூடவே அளவு ப்ளவுஸ் ஒண்ணு. நான் என்ன செய்வேன்? அளவு ப்ளவுஸ்ல என்ன இருக்கோ அதைத்தானே தைப்பேன்? ஒரு நூல் பிசகாமத் தைச்சேன்.

மேடையில நின்னுருக்கா. பொன்னாடை போத்தியிருக்காவ. கும்பிடக் கையைத் தூக்கியிருக்கா. கக்கத்துல டர்ருன்னு கிழிஞ்சிட்டு. மைக்கு பக்கத்துல நின்னதால அந்தச் சத்தம் ஸ்கூல் முழுக்கக் கேட்டிருக்கு. அதோட விட்டாளா? மைக்கைப் பிடிச்சு, "நம்ம ஆவுடை தையல், கொஞ்சம் ஒட்டப் பிடிக்கும்"னு சொல்லிச் சிரிச்சிருக்கா. அத்தனை பேரும் சிரிச்சிருக்காவ. நான் கடைசி பெஞ்சில உக்காந்திருக்கேன் மதினி. புதுச் சேலை கட்டிப் போயிருந்தேன், நான் தைச்ச ப்ளவுஸை மேடையில பாக்கணும்னு.

பொறவு பாத்தா, அந்த அளவு ப்ளவுஸ் பத்து வருஷத்துக்கு முன்னால அவ போட்டது. பத்து வருஷத்துல உடம்பு ஏறும்லா? உடம்பு ஏறுனா பீரோவுக்குள்ள கிடக்குற ப்ளவுஸும் கூடவே ஏறுமா? சொல்லுங்க.

மறுநா காலையிலேயே வந்தா. "தப்பு என் பேர்லதான் ஆவுடை, கைக்குக் கிடைச்சதை எடுத்துட்டு வந்துட்டேன், மனசுல வச்சிக்கிடாத"ன்னா. அதை எங்க வச்சுச் சொன்னா? இந்த வாசல்ல, நானும் அவளும் மட்டும் நிக்கையில. அவமானம் மைக்குல, மன்னிப்பு வாசல்லயா? அன்னைக்கு நான் சரி டீச்சர், அதனால என்ன டீச்சர்ன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஆனா உள்ளுக்குள்ள எரிஞ்சுக்கிட்டே இருந்துது. சோறு வடிக்கும்போது எரியும். துணி வெட்டும்போது எரியும். என்னைக்காவது ஒருநா உன்னைக் கை தூக்க விடாமப் பண்ணுதேன் பாருன்னு நினைச்சுக்கிட்டேன்.

இந்தா, ஒரு கொக்கி ஆச்சு.

வைகாசியில எலித் தொல்லை. அளவுத் துணியெல்லாம் கடிச்சுப் போட்டுட்டு. தெருக்குழாய்ல நின்னு யார்கிட்டயோ சொல்லிட்டு இருந்தேன். அது அவ காதுல விழுந்திருக்கு. மறுநா ஒரு செருப்புப் பொட்டியைத் தூக்கிட்டு வாரா. உள்ள இது, என் கை அளவுகூட இல்ல. "எங்க வீட்டுப் பூனை போட்ட குட்டி ஆவுடை. நாலுல இதுதான் ரொம்பச் சூட்டிக்கை. உனக்குன்னு எடுத்து வச்சேன்"ங்கா. யோசிச்சுப் பாருங்க மதினி. நூலும் நாடாவும் கிடக்குற தையல்காரி வீட்டுல, நாலு குட்டியில இருக்குறதுலயே சேட்டைக்காரக் குட்டியாப் பாத்து எடுத்துட்டு வந்து விடுதான்னா, அது பிரியமா? வேணும்னே செய்ததுதானே?

திருப்பிக் குடுத்திருவேன்னுதான் நினைச்சேன். அதுக்குள்ள எங்க வீட்டு அவிய மினி பஸ்ஸை நிறுத்திட்டுச் சாப்பிட வந்தாவ. பாத்தவுடனே தூக்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாவ. மெஷின்ல நூல் சுத்துற பாபின் பேரையே அதுக்கும் வச்சிட்டாவ. இருபத்திரெண்டு வருஷத்துல எனக்கு ஒரு செல்லப் பேரு வச்சதில்ல.

அது பண்ணுன கூத்தைச் சொன்னா இன்னைக்கு முளைப்பாரியே முடிஞ்சிரும். நூல்கண்டை உருட்டி நாலு ரூமையும் சுத்தி, கட்டில் கால், மேஜை கால், கேஸ் சிலிண்டர் எல்லாத்தையும் சேத்துக் கட்டி வச்சிட்டு. தோசை மாவுச் சட்டிக்குள்ள விழுந்துட்டு வந்து ஒருத்தரு கல்யாணப் பட்டு மேல உக்காந்துட்டு. மெஷினை மிதிச்சா என் கால்ல பாயும், நிறுத்துனா மெஷின்ல பாயும். இஞ்ச் டேப்பைப் பாத்துட்டா போதும், எங்க இருந்தாலும் வந்து நுனியில தொங்கும். எதை அளந்தாலும் பூனையையும் சேத்து அளக்கேன்.

இதைக் கேள்விப்பட்டு டீச்சர் தினமும் சாயங்காலம் வர ஆரம்பிச்சா. ஸ்கூல் இல்லையா, பாடம் நடத்த ஆள் வேணும். போன்ல பாத்துப் பாத்துச் சொல்லுவா. ஆரஞ்சுத் தோலைப் போடு, அந்த வாடை பூனைக்கு ஆகாது, பக்கத்துல வராதுன்னா. போட்டேன். அது தோலை உருட்டி விளையாடிச்சு, எறும்புதான் வந்துது. அடிக்காத, தண்ணி பீச்சு, சேட்டை தானா நிக்கும்னா. அயர்ன் பண்ணுற பாட்டில் இருக்குல்லா, அதை எடுத்து ஒரு பீச்சுப் பீச்சினேன். அது ஒதுங்கிக்கிட்டு, தண்ணி போய்ப் பட்டுத்துணியில விழுந்து வட்டம் போட்டுட்டு. இப்போ பாட்டிலை எடுத்தாலே வாயைத் திறந்துக்கிட்டு முன்னால வந்து நிக்கி, குடிக்க.

விளையாட்டுக் காட்டிக் களைச்சுப் போக வை, பொறவு நீ வேலையைப் பாருன்னா. அதை எங்க வீட்டு அவிய கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாவ. ஒரு குச்சியில நாடாவைக் கட்டிக்கிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வந்த மனுசன் சோறு ஆறுற வரைக்கும் தரையில உருளுதாவ. ரெண்டு நா பஸ்ஸு லேட்டு.

கடைசியா, அதுக்குன்னு ஒரு இடம் குடு, அட்டைப் பொட்டி வை, உள்ள துண்டுத் துணி போடு, அது தன் இடம்னு தெரிஞ்சா மத்ததைத் தொடாதுன்னா. அது மட்டும் கொஞ்சம் பலிச்சுது. அதான் இந்தப் பொட்டி. நல்லதுதான் சொன்னாளேன்னு நீங்க நினைப்பீங்க. ஆனா போகும்போது ஒரு சொல்லு சொல்லிட்டுப் போனா பாருங்க. "கோபத்தை மனசுல வச்சிக்கிட்டே இருந்தா அதுக்கும் புரியாது, நமக்கும் நல்லதில்ல ஆவுடை"ன்னா. பூனையைப் பத்தித்தான் பேச்சு. ஆனா பாத்தது என்னை.

மூணு கொக்கி ஆச்சு. ஒரு வாய் காப்பி குடிக்கீங்களா? வேண்டாமா? சரி.

கோயில் ஆடிக் கொடைக்கு முளைப்பாரியோட கும்மி அடிக்குற பன்னிரண்டு பேருக்கும் ஒரே அரக்குச் சேலை எடுத்தாச்சு, பன்னிரண்டு ப்ளவுஸும் நான்தான்னு முடிவாச்சு. அதுல டீச்சரோடதும் உண்டு. துணி கொண்டாந்து குடுத்தா. "இந்தத் தடவை அளவு ப்ளவுஸே வேண்டாம் ஆவுடை, நீயே டேப்பை வச்சு எடுத்துக்கோ"ன்னு கையை விரிச்சு நின்னா. பழசைக் குத்திக்காட்டுதா பாத்தீங்களா? நானும் எடுத்தேன். கைச்சுத்துல பாதி, மடிச்சு வெட்டுறதுக்கு, ஏழு இஞ்ச். நீங்களும் அவளும் ஒரே வாகுதான் மதினி, உங்களுக்கும் ஏழுதான்.

கும்மிக்கு முன்னால நின்னு பாட்டு எடுத்துக் குடுக்கப் போறது அவ. கும்மின்னா என்ன? கையைத் தூக்கித் தட்டணும். குனிஞ்சு தட்டணும், நிமிந்து தலைக்கு மேல தட்டணும். ஊரே சுத்தி நிக்கும். எனக்கு ராவெல்லாம் உறக்கம் இல்ல, சந்தோசத்துல.

உங்ககிட்ட சொல்லுறதுக்கு என்ன, நீங்க வெளிய சொல்ல மாட்டீங்க. ஏழுக்குப் பதிலா ஆறேகால் வெட்டினேன். முக்கால் இஞ்ச் குறைச்சல். போட்டுப் பாத்தா ஒண்ணும் தெரியாது, கையைத் தொங்கப் போட்டு நின்னா அம்சமா இருக்கும். தூக்கும்போதுதான் தெரியும். அதைவிடப் பெரிய வேலை ஒண்ணு செய்தேன். தையல்காரி எவளும் பிரிச்சு விடுறதுக்குன்னு உள்ள ஒரு இஞ்ச் துணி விடுவா. நான் பத்தொன்பது வருஷமா யாருக்கும் விடாம இருந்ததில்ல. அவளுக்கு விடல. ஒட்ட வெட்டி, ரெண்டு கையிலயும் வந்த ரெண்டு துண்டையும் இந்தா இந்தப் பூனைப் பொட்டிக்குள்ள எறிஞ்சேன். உன் பூனையே படுத்துக்கிடட்டும்னு. பிரிச்சு விடு ஆவுடைன்னு வந்து நின்னா, விட என்ன இருக்கு? துணி எங்க இருக்கு?

அப்படிப் பாக்காதீங்க மதினி. மைக்குல சிரிச்சது நீங்க இல்ல, உங்களுக்கு அப்படிச் செய்வேனா?

பத்துப் பேரோடதை முதல்லயே முடிச்சுக் குடுத்துட்டேன். கடைசி ரெண்டு, அவளோடதும் உங்களோடதும். உங்க ரெண்டு பேர் கைத்துணியும் வெட்டி இந்த மேஜையில வச்சிருந்தேன். அடுப்புல பால் பொங்குற சத்தம். ஓடிப் போய் இறக்கிட்டு வந்து பாக்கேன், நாலு கையும் நாலு மூலையில கிடக்கு. ஒண்ணு இது வாயில. பெருக்குற வாரியலை எடுத்தேன், கட்டிலுக்கு அடியில போயிட்டு. நான் பொறுக்கி எடுத்து, அவளுக்கு ரெண்டு, உங்களுக்கு ரெண்டுன்னு பிரிச்சு வச்சேன். ஒரே அரக்குத் துணிதான், ஆனா எனக்குத் தெரியாதா எது எதுன்னு? அளந்து பாத்திருவோம்னு டேப்பை எடுத்தா, உடனே வந்து தொங்குது. போ சவமேன்னு கண்ணாலயே பாத்து முடிச்சிட்டேன். என் கண்ணு தப்பாது. உங்க கையை மாட்டும்போது மட்டும் கொஞ்சம் இழுத்து இழுத்து வைக்க வேண்டியிருந்துது. புதுத்துணி, அப்படித்தான் முறுக்கும். போட்டா பழகிரும்.

இன்னைக்குக் காலையில டீச்சர் வந்து வாங்கிட்டுப் போனா. அரைமணி நேரம் கழிச்சுப் போட்டுக்கிட்டே திரும்பி வாரா. வா, வான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். வாசல்ல நின்னு கையை மேல தூக்குதா, கீழ இறக்குதா, தலைக்கு மேல தட்டுதா. "ஆவுடை, இப்படி ஒரு ப்ளவுஸ் நான் போட்டதே இல்ல. கை எப்படிப் போகுது பாரு"ங்கா. என்னா நடிப்புங்கீங்க! உள்ள உயிர் போகுது, வெளிய சிரிப்பு. ராங்கிக்காரி, வலிச்சாலும் என் முன்னால காட்டிக்கிட மாட்டா. சாயங்காலம் காட்டித்தானே ஆகணும்.

போகும்போது இன்னொண்ணு சொன்னா. "உன் பூனை ஒரு அரக்குத் துண்டைக் கவ்விட்டு எங்க வீட்டுக்கு வந்துது. ஜன்னல்ல கட்டித் தொங்க விட்டிருக்கேன், வந்தா விளையாடட்டும்"னா. பாருங்க, அந்தப் பச்சைக் கேட்டுக்கு மேல ஜன்னல்ல ஆடுதுல்லா, அதான். என் வீட்டுல களவாண்ட துணியை எனக்கே காட்டுதா.

இந்தா, ஆறு கொக்கியும் ஆச்சு. அந்தத் திரைக்குப் பின்னால போய்ப் போட்டுட்டு வாங்க மதினி. கதவு தாப்பா கிடையாது, ஆனா யாரும் வரமாட்டாவ. பூனை வந்தா காலால தள்ளி விடுங்க.

போட்டாச்சா? வெளிய வாங்க. ஆகா, அம்சமா இருக்கு. கழுத்து பாருங்க எப்படி உக்காந்திருக்குன்னு. திரும்புங்க. சரி, இப்போ கையைத் தூக்குங்க, கும்மிக்குத் தூக்குற மாதிரி.

அவ்வளவுதானா? இன்னும் தூக்குங்க. வெக்கப்படாதீங்க, நம்ம ரெண்டு பேருதான் இருக்கோம். என்னது?

பிடிக்குதா? எங்க பிடிக்குது?

இருங்க, அசையாதீங்க. டேப்பை எடுக்கேன். ச்சீ, விடு, விடுங்கேன்லா! மதினி, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. கடிக்காது, சும்மா பிடிங்க. கைச்சுத்துல பாதி...

ஆறேகால்.

உங்களுக்கு ஏழுல்லா வெட்டினேன். ஏழுதானே வெட்டினேன்.

அப்போ காலையில அவ நடிக்கலையா?

கொஞ்சம் உக்காந்துக்கிடுதேன் மதினி. நீங்களும் உக்காருங்க. இல்ல, வேண்டாம், கிழிஞ்சிரும். நின்னுக்கிட்டே இருங்க. கையைத் தொங்கப் போட்டுக்கோங்க.

பிரிச்சு விடவா? பிரிச்சு விட உள்ள என்ன இருக்கு? நான்தானே ஒட்ட வெட்டினேன். சேலையோட வந்த துணி, டவுனுக்குப் போனாலும் இந்த அரக்கு கிடைக்காது. பன்னிரண்டு பேரோட மிச்சத் துணியையும் பூனைக்கு எட்டாமப் பையில கட்டி வச்சேன், நேத்து அவிய பஸ் துடைக்கன்னு தூக்கிட்டுப் போயிட்டாவ. இப்போ ஒண்ணரை மணி டிரிப்புல இருப்பாவ.

அழாதீங்க மதினி. நீங்க அழுதா நானும் அழுதிருவேன். முதமுதலா இந்த ஊர்க் கும்மியில நிக்கப் போறீங்க, கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்க விடுவேனா? 'யார் தைச்சது'ன்னுதான் முதல்ல கேப்பாவ. பத்தொன்பது வருஷம் மதினி. நான் பிழைக்கிறதே அந்தப் பேர்லதான்.

பொட்டி! பூனைப் பொட்டி! கக்கத்துக்குள்ள ஒட்டுப் போட்டா வெளிய தெரியாது. அதுக்குள்ள மறுபடி இதுல வந்து படுத்துக்கிட்டியா? எந்திரி சவமே, எந்திரி. என் ராசால்லா, என் பாபின்லா, ஒருக்க எந்திரி. இந்தா, இந்தா கிடைச்சிட்டு! கொஞ்சம் மயிரு ஒட்டியிருக்கு, தட்டினாப் போயிரும். கிழியல, நல்லாத்தான் இருக்கு. இது ஒரு கைக்கு. இன்னொண்ணு... இன்னொரு துண்டு எங்க? ரெண்டுல்லா போட்டேன்.

ஐயோ.

அந்த ஜன்னல்லயா ஆடுது?

நீங்க போய் வாங்கிட்டு வாரீங்களா மதினி? சரி, இந்தக் கோலத்துல எப்படிப் போவீங்க. நான் போனா எதுக்குன்னு கேப்பா. பொய் சொல்லலாம். அந்தத் துண்டு கேட்டுப் பூனை அழுவுதுன்னு சொல்லலாமா? பூனைதான் இங்கன சும்மா நின்னு அவ வீட்டைப் பாத்துக்கிட்டு இருக்கே.

அவளே வெளிய வந்துட்டா. வாசல்ல நின்னு கும்மி பழகுதா. பக்கத்து வீட்டுக்காரிக எல்லாம் நிக்காவ. இப்பவா வரணும் இவ்வளவு பேரும்?

டீச்சர்! ஏ டீச்சர்! அந்த ஜன்னல்ல கட்டியிருக்கீங்கள்லா, அரக்குத் துண்டு, அது எனக்கு வேணும்! ஆமா, இப்பவே!

எதுக்குன்னு கேக்கா மதினி. அத்தனை பேரும் திரும்பிப் பாக்காவ.

பிடிக்குது டீச்சர்! கை பிடிக்குது! நான் தைச்சதுதான்! நான்தான் ஒட்ட வெட்டிட்டேன்!

யாரும் சிரிக்கல. டீச்சர் மட்டும் லேசாச் சிரிக்கா. எட்டி அவுத்துட்டா. வாரா, வாரா, துண்டை எனக்குத் தெரியணும்னு தூக்கிப் பிடிச்சு ஆட்டிக்கிட்டே ரோட்டைத் தாண்டி வாரா. பாருங்க மதினி, கையை எவ்வளவு உசரத்துக்குத் தூக்குதான்னு.